நுண்டுளைக் கொழுப்பகற்றலும் தோலிறுக்கமும்

சத்திரசிகிச்சையின் நோக்கம் நோய் நீக்கமே என்பது நெடுங்காலம் ஐயத்துக்கிடமின்றிக் கொள்ளப்பட்டு வந்த கருத்தாகும். முறிந்த என்பைப் பொருத்துதல், கட்டியை அறுத்தெடுத்தல், புண்ணை மூடித் தைத்தல் ஆகியனவே சத்திரவைத்தியரின் தொழிலெனக் கருதப்பட்டன. முதலாம் உலக மகாயுத்தத்திலே முகஞ் சிதைந்து மீண்ட போர்வீரருக்கு, இங்கிலாந்தில் சிட்கப் என்னும் ஊரில் 1917 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வைத்தியசாலையில், ஹரல்ட் கில்லிஸ் என்பார் மூக்கும் தாடையும் புதிதாக அமைத்துக் கொடுத்தார். அப்போதும் அந்நோக்கம் மாறவில்லை. இழந்ததை மீட்டலே அங்கு நடைபெற்றது. ஆயின் அவ்வைத்தியசாலை போன்ற இடங்களிற் பழகிய கைத்திறன், போர் முடிந்தபின், நோயற்றவரின் உடலையும் நாடிச் சென்றது. இழந்ததை மீட்டல் ஒருபுறமிருக்க, உள்ளதைத் திருத்தல் என்னும் மற்றொரு கிளை தழைத்து வளர்ந்தது. இவ்விரண்டுக்கும் கத்தியும் ஊசியும் பொதுவே. வேறுபாடு படுக்கையிற் கிடப்பவரிடத்தே உள்ளது. பின்னைய கிளையில் அவர் நலமுடையவர். சிகிச்சையால் அவருக்குத் தீங்கு நேருமாயின், அத்தீங்கைப் பொறுத்துக் கொள்ளச் செய்யும் நோயொன்று தராசின் மறுதட்டில் இல்லை.

அழகு நோக்கிச் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளுள் இன்று உலகில் முன்வரிசையில் நிற்பது கொழுப்பை உறிஞ்சி அகற்றும் முறையாகும். 2022, 2023 ஆகிய ஆண்டுகளில், ஆண்டொன்றுக்கு இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட தடவைகள் அது செய்யப்பட்டதாகச் சருவதேச அழகியற் சத்திரவைத்தியர் கழகத்தின் கணக்குக் காட்டுகின்றது. தோலிற் பெருங்கீறல் இடாது, சில மில்லிமீற்றர் அகலமுள்ள துளைகள் வழியே செய்யப்படுவதால் இதனை நுண்டுளைச் சிகிச்சை எனலாம். மதியபோசன இடைவேளையிற் செய்துகொண்டு மீளத்தக்கது என விளம்பரஞ் செய்வாரும் உளர். துளை சிறிதென்பது உண்மையே. துளை சிறிதாதலின் சிகிச்சையும் சிறிது என்று கொள்ளலாமோ என்பதே ஆராயத்தக்கது.

முதற்கண் கொழுப்பு உடலில் எங்கே, எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறிதல் வேண்டும். தோல் இரு படைகளாலானது. வெளியே மெல்லிய மேற்றோலும் அதன் கீழே தடித்த உட்டோலும் உள்ளன. உட்டோலின் கீழ்க் கொழுப்பிழையம் பரந்துள்ளது. வயிற்றுப் பகுதியில் இக்கொழுப்பிழையமும் மேற்படை, கீழ்ப்படை என இரண்டாக ஒரு நார்ச்சவ்வினாற் பிரிக்கப்பட்டிருக்கும். கொழுப்புக் கலங்கள் கொத்துக் கொத்தாக அடைந்து கிடக்க, அவற்றினூடே நார்க்கயிறுகள் தோலையும் கீழுள்ள தசையுறையையும் பிணைத்துச் செல்லும். அக்கயிறுகளை ஒட்டியே குருதிக்கலன்களும் நரம்புகளும் மேலேறித் தோலை அடைகின்றன. பலாச்சுளைகளுக்கிடையே நார் ஓடுவதை ஒருவாறு இதற்கு ஒப்பிடலாம். சுளையை எடுத்து நாரை விடுதலே கொழுப்பகற்றலின் முழுக்கலையும் ஆகும். நாரையும் அறுத்தால் குருதி பெருகும். தோலுக்குரிய குருதியோட்டம் நின்றுவிடின் தோலே இறந்துபடும். மேற்படையில் அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினால் தோல் மேடும் பள்ளமுமாகிவிடும்.

இவ்வாறு தோலின் கீழுள்ள கொழுப்பே உறிஞ்சப்படுவது. வயிற்றுத் தசைக்கு உட்புறத்தே, குடலைச் சூழ்ந்து கிடக்கும் கொழுப்பை எந்தக் குழலூசியும் தொடலாகாது. தொந்தி மிகுந்த ஆடவர் பலரிடத்து மிகுதியாயிருப்பது அந்த உட்கொழுப்பே. நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் நெருங்கிய தொடர்புடையதும் அதுவே. இவ்வுண்மையைப் பின்னரும் நினைத்தல் வேண்டும்.

கொழுப்பை அகற்றும் முயற்சியின் தொடக்கம் துயரம் நிறைந்தது. 1920களிற் பாரிசு நகரத்தில் துயாரியே என்னும் சத்திரவைத்தியர், கால்கள் மெலிந்து தோன்ற வேண்டுமென விரும்பிய ஒரு நடனப் பெண்ணுக்கு, கருப்பையைச் சுரண்டுதற்குரிய கருவியைக் கொண்டு கெண்டைக்காலின் கொழுப்பைச் சுரண்டியெடுக்க முனைந்தார். குருதி நாடி பழுதுற்றது, கால் அழுகியது, ஈற்றில் அதனை வெட்டி அகற்ற நேர்ந்தது. நலமுள்ள கால்களோடு வந்தவர் ஒரு காலோடு மீண்ட அச்செய்தி, பல ஆண்டுகள் வைத்தியரை இத்துறையின் பக்கமே திரும்பாது தடுத்தது எனலாம். கூரிய விளிம்புடைய கருவி கொழுப்பையும் நாடியையும் வேறு பிரித்தறியாது என்பதே அதனாற் பெறப்பட்ட பாடம். ஆயின் அப்பாடம் பயன்பட ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது.

1970களின் நடுப்பகுதியில் உரோமாபுரியில் ஆர்பாத் பிசர், ஜோர்ஜோ பிசர் என்னும் தந்தையும் மகனும், உள்ளே சுழலும் அலகொன்றை உடைய குழலினாற் கொழுப்பை வெட்டி, அதனை உறிஞ்சியெடுக்கும் முறையை வகுத்தனர். சிறு துளை வழியே உறிஞ்சுதல் என்னும் கருத்து அவர்களுடையது. எனினும் வெட்டும் அலகு அங்கும் இருந்தமையாற் குருதிக்கசிவும் நீர்க்கோப்பும் நீங்கவில்லை. அடுத்த படியை எடுத்து வைத்தவர் பாரிசைச் சேர்ந்த இவ் கெரார் இலூசு. 1977 ஆம் ஆண்டு, முதுகிலே கொழுப்புக்கட்டி உடைய ஓர் இளம் பெண், பெருந்தழும்பு ஏற்படாவண்ணம் அதனை அகற்றல் வேண்டுமென அவரைக் கேட்டனர். இலூசு சிறு துளையிட்டு, முனை மழுங்கிய குழலொன்றைச் செலுத்தி, கட்டியை உறிஞ்சியெடுத்தார். கட்டிக்கு ஆகும் முறை ஏனைய கொழுப்புக்கும் ஆகும் என்பது அவருக்கு உடனே புலனாயிற்று. முனை மழுங்கியிருத்தலே அவர் கண்ட நுட்பம். மழுங்கிய முனை நார்க்கயிற்றையும் நாடியையும் ஒதுக்கிவிட்டு, மெல்லிய கொழுப்பினூடே சுருங்கை போன்ற வழிகளை அமைத்துச் செல்லும். சுருங்கைகளுக்கிடையே எஞ்சிய நார்களும் கலன்களும் தோலை உயிரோடு காக்கும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க வைத்தியர் பாரிசுக்குச் சென்று இம்முறையைக் கற்று வந்தனர். பாரிசிலேயே பியேர் பூர்னியே என்பார் பெரும் பம்பிக்குப் பதிலாகச் சாதாரண ஊசிக்குழாயையே உறிஞ்சுதற்குக் கையாண்டு காட்டினார்.

எனினும் ஓர் இடர் நீங்காதிருந்தது. உடலில் எவ்வகை நீரும் செலுத்தாது உலர்முறையிற் கொழுப்பை உறிஞ்சியபோது, வெளிவந்த திரவத்தில் நூற்றுக்கு 20 முதல் 45 வரையான பங்கு குருதியாயிருந்தது. இரண்டு லீற்றர் எடுத்தால் அதில் அரை லீற்றருக்கு மேற்பட்டது குருதியாகலாம். ஆதலின் முழு மயக்கமும், வைத்தியசாலைத் தங்கலும், சிலவேளை குருதியேற்றலும் வேண்டியிருந்தன. இலூசு உவர்நீரைச் சிறிதளவு செலுத்திப் பார்த்தார். குருதியிழப்புக் குறைந்தது, தீரவில்லை.

தீர்த்து வைத்தவர் சத்திரவைத்தியர் அல்லர் என்பது சுவையான செய்தி. கலிபோர்ணியாவைச் சேர்ந்த ஜெவ்ரி கிளைன் என்னும் தோல் வைத்தியரே 1987 ஆம் ஆண்டு அம்முறையை எழுதி வெளியிட்டார். அவர் புதிய இயந்திரம் எதனையும் ஆக்கவில்லை. உப்பு நீரையும் பழைய இரு மருந்துகளையும் கொண்டே அதனைச் செய்தார். ஒரு லீற்றர் உவர்நீரில், பல்வைத்தியர் முரசை விறைக்கச் செய்தற்குப் பயன்படுத்தும் இலிடொக்கேயின் 500 முதல் 1,000 மில்லிகிராம் வரை. அதிரீனலின் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் அல்லது அதிற் பாதி. எரிவைத் தணித்தற்குச் சிறிது சோடியமிருகாபனேற்று. இவ்வளவே. பல்வைத்தியர் செலுத்தும் மருந்தோடு ஒப்பிடின் இஃது இருபது முதல் நாற்பது மடங்கு ஐதானது. இக்கரைசலைத் தோலின் கீழ் லீற்றர் கணக்கில் மெல்லச் செலுத்துவர். உரிய பகுதி வீங்கி, தோல் வெளிறி, தொடுவதற்கு உறுதியாகும். அதனால் இதனை வீங்கவைக்கும் முறை என்பர். மேனாட்டார் இலத்தீன் அடியிற் பிறந்த தியூமெசென்று என்னும் பெயரால் வழங்குவர்.

இதன் செயல் மூவகையானது. அதிரீனலின் சிறு குருதிக்கலன்களைச் சுருக்குகின்றது. தோல் வெளிறுதற்கு அதுவே காரணம். இலிடொக்கேயின் நோவை அகற்றுகின்றது. நீரின் பாரம் கலன்களை அழுத்தியும், கொழுப்புக் கொத்துக்களைத் தளரச் செய்தும், குழலூசிக்கு வழி விடுகின்றது. அரைமணி நேரமளவு பொறுத்திருந்து பின் உறிஞ்சத் தொடங்கினால், வெளிவரும் திரவம் முன்போற் செந்நிறமாயிராது, மஞ்சள் நிறமாகவே இருக்கும். குருதியின் பங்கு நூற்றுக்கு ஒன்றளவாகக் குறைந்தது. முழு மயக்கமும் கட்டாயமன்று. நோயாளி விழித்திருந்து, கேட்டபடி புரண்டு படுக்கவும் இயலும். குழலூசியின் அகலமும், இலூசு காலத்தில் 10 மில்லிமீற்றர் வரை இருந்தது, படிப்படியாகக் குறைந்து, இன்று பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீற்றர் வரையே உள்ளது. நுண்டுளை என்னும் பெயர் பொருத்தமானது இதன் பின்னரே. விளம்பரங்களில் இயந்திரங்களின் பெயர்கள் பெரிய எழுத்திற் பொறிக்கப்படுகின்றன. உயிர்களைக் காத்த உப்பு நீருக்கோ அங்கே இடமில்லை.

இம்முறையில் ஒரு புதிரும் உண்டு. அதிரீனலினோடு சேர்த்து இலிடொக்கேயினைச் செலுத்தும்போது உடனிறையின் ஒரு கிலோகிராமுக்கு 7 மில்லிகிராமுக்கு மேற் செல்லலாகாது என்பது மருந்து நூல்களிற் கண்ட விதி. 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவருக்கு அது 420 மில்லிகிராம். கிளைனின் கரைசலில் ஒரு லீற்றரே அவ்வெல்லையைக் கடந்துவிடும். ஆனால் அவர் 1990 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விற் கிலோகிராமுக்கு 35 மில்லிகிராம் வரை இம்முறையிற் பாதுகாப்பானது எனக் காட்டினார். அதே நோயாளிக்கு அது 2,100 மில்லிகிராம், அதாவது ஐதான கரைசலில் நான்கு லீற்றருக்குச் சற்று மேல். பின்னர் அமெரிக்கத் தோல் வைத்தியர் சங்கத்தார் 55 மில்லிகிராம் வரையும் ஏற்றனர். இது கூடியவாறு எங்ஙனம்? கொழுப்பிழையத்திற் குருதியோட்டம் குறைவு. அதிரீனலின் அதனை மேலும் குறைக்கின்றது. மருந்து மிக ஐதாகவும் உள்ளது. ஆகவே அஃது ஒருங்கே குருதியிற் பாயாது, சிறிது சிறிதாகக் கசிந்து சேர்கின்றது. சேரச்சேர ஈரல் அதனைச் சிதைத்துவிடுகின்றது.

புதிரின் விடையிலேயே ஆபத்தும் மறைந்துள்ளது. மெல்லக் கசியும் மருந்து குருதியில் உச்ச அளவை அடைவது சிகிச்சை முடிந்தவுடன் அன்று. பன்னிரண்டு மணி நேரமளவு கழிந்த பின்னரே. காலை பத்து மணிக்குச் சிகிச்சை பெற்றுப் பிற்பகலில் வீடு சென்றவருக்கு அவ்வேளை இரவு பத்து மணியாகும். அவர் அருகில் வைத்தியரும் இலர், தாதியும் இலர். ஈரல் மருந்தைச் சிதைக்கும் வேகத்தைத் தாமதப்படுத்தும் வேறு மருந்துகளும் உள. மனச்சோர்வுக்குரிய சிலவும் பூஞ்சண நோய்க்குரிய சிலவும் அவ்வகையின. அவற்றை உட்கொள்பவர் அதனைக் கூறாது விடின், அல்லது கேட்க வேண்டியவர் கேளாது விடின், கணக்குப் பிழைக்கும். 1999 ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் நியூயோர்க் நகரத்து மரண விசாரணைப் பதிவுகளினின்று ஐந்து மரணங்கள் எடுத்துக்காட்டப்பட்டன. ஐவரும் வீங்கவைக்கும் முறையாற் சிகிச்சை பெற்றவரே. அவருள் மூவருக்குக் குருதியமுக்கம் திடீரென வீழ்ந்தும் இருதயத் துடிப்புத் தளர்ந்தும் மரணம் நேர்ந்தது. ஒருவருக்குச் செலுத்திய நீர் மிகையாயிற்று. ஒருவருக்குக் காலின் நாளத்தில் உறைந்த குருதி சுவாசப்பையைச் சென்றடைந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1995 ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கணக்கெடுப்பில், உள்ளூர் விறைப்பு மட்டும் கொடுத்துத் தோல் வைத்தியர் சிகிச்சை செய்த 15,336 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. ஆனால் 2000 ஆம் ஆண்டு கிரேசர், டி யொங் என்போர் வட அமெரிக்கப் பிளாத்திக்குச் சத்திரவைத்தியரிடம் எடுத்த கணக்கில், ஏறக்குறைய ஐந்து இலட்சம் சிகிச்சைகளில் 95 மரணங்கள் காணப்பட்டன. ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்பது அதன் பொருள். இவ்விரு கணக்கும் ஒன்றையொன்று பொய்ப்பிப்பன அல்ல. முன்னதிற் கூறப்பட்டவை பெரும்பாலும் சிறிய அளவினவாய், விழித்திருந்த நோயாளருக்குச் செய்யப்பட்டவை. பின்னதிற் பெரும் அளவு கொழுப்பை ஒரே அமர்வில் எடுத்தனவும், முழு மயக்கத்திற் செய்தனவும், வேறு சத்திரசிகிச்சைகளோடு சேர்த்துச் செய்தனவும் அடங்கின. மரணத்துக்குக் காரணமானவற்றுள் முதலிடம் பெற்றது சுவாசப்பையிற் குருதியுறைவு அடைத்தலே. குழலூசி வயிற்றுச் சுவரைத் துளைத்துக் குடலைக் கிழித்தமையும் அடுத்த வரிசையில் இருந்தது. ஒரு முறையில் ஐந்து லீற்றருக்கு மேல் எடுப்பின் அதனைப் பேரளவெனக் கொண்டு நோயாளியை வைத்தியசாலையில் வைத்துக் காத்தல் வேண்டும் என்னும் வழக்கம் இத்தகைய பட்டறிவாலேயே உறுதிப்பட்டது.

துளை சிறிதாயின் சிகிச்சையும் சிறிதோ என்னும் வினாவுக்கு எளிய கணக்கொன்றால் விடை காணலாம். வயிற்றில் 20 சதமமீற்றர் நீளமும் 15 சதமமீற்றர் அகலமும் உள்ள பகுதியிற் கொழுப்பகற்றுவதாகக் கொள்க. 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள மூன்று துளைகள் இடப்படின், அவற்றின் மொத்தப் பரப்புக் கால் சதுரச் சதமமீற்றரும் ஆகாது. ஆனால் தோலின் கீழே குழலூசி உழுது சென்ற நிலம் 300 சதுரச் சதமமீற்றர். அதுவும் ஒரு படையிலன்றிப் பல படைகளில். வெளியே தெரியும் புண் நெல்மணியளவு. உள்ளே உள்ள புண் விரித்த கையினும் பெரிது. அது வீங்கும், கன்றும், நீர் கோக்கும். வாரக்கணக்கில் இறுக்கவுறை அணிவிப்பதும் அதனாலேயே. தழும்பின் அளவைக் குறைத்தது உண்மையான பேறு. காயத்தின் அளவு தழும்பாற் புலப்படாது என்பது மட்டும் மறக்கற்பாலதன்று.

இனி, கொழுப்பு அகன்றபின் மேலுள்ள தோலின் கதி யாதென நோக்கத்தகும். பஞ்சு குறைந்த தலையணையின் உறை தளர்ந்து தொய்வது போலத் தோலும் தொய்தல் கூடும். இளையோரிடத்துத் தோல் தானே சுருங்கிக்கொள்ளும். அதற்குரிய ஆற்றலை அளிப்பவை உட்டோலிலுள்ள கொலாசன், இலாத்தின் என்னும் இருவகைப் புரத நார்கள். முன்னது தோலுக்கு உறுதியையும் பின்னது மீள்தன்மையையும் தருகின்றது. வயது ஏறியோரிடத்தும், பலமுறை கருவுற்றோரிடத்தும், பெருநிறை குறைந்தோரிடத்தும் இந்நார்கள் தளர்ந்துள்ளமையாற் கொழுப்பை அகற்றுதல் சிலவேளை அழகைக் குறைத்தே விடும். மிகுந்த தோலை வெட்டியெடுத்துத் தைத்தலே முன்பு இதற்குப் பரிகாரமாயிருந்தது. அதன் விலை நீண்ட தழும்பு. தழும்பின்றித் தோலை இறுக்குதற்கு வழி தேடியோர் வெப்பத்தை நாடினர்.

தளர்ந்த பறையை அனலிற் காய்ச்சி இறுக்குதல் நம்மவர் கண்ட காட்சி. அது தோலின் ஈரம் உலர்வதால் விளைவது. உயிருள்ள தோலில் நிகழ்வது வேறு. கொலாசன் மூலக்கூறு மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது. ஐதரசன் பிணைப்புக்கள் அம்முறுக்கைக் காக்கின்றன. 60 முதல் 65 பாகை சதமவளவை வரை வெப்பமேறும்போது அப்பிணைப்புக்கள் அறுந்து, முறுக்கு அவிழ்ந்து, நார் குறுகித் தடிக்கின்றது. உடனே தோன்றும் இறுக்கத்துக்கு இது காரணம். ஆயின் அதுவே முழுப்பயனன்று. வெப்பத்தாற் பழுதுற்ற இடத்தை உடல் காயமெனக் கொண்டு, நார் நெய்யும் கலங்களை ஏவிப் புதிய கொலாசனை ஆக்குவிக்கின்றது. அதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை ஆகும். எனவே இவ்விறுக்கம் அளவறிந்து ஏற்படுத்திய ஒரு தீக்காயத்தின் ஆறுதலேயாம். கேட்பதற்கு இனிதன்றாயினும் உண்மை அதுவே.

வெப்பத்தைக் கொண்டு சேர்க்கும் வழிகள் பல. தோலின் வெளியே வைத்து வானொலி மீடிறன் மின்னோட்டத்தைச் செலுத்தும் கருவி ஒன்றுக்குக் கண்ணைச் சூழ்ந்த சுருக்கங்களைப் போக்குதற்கென 2002 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள இலேசர் ஒளியை மெல்லிய இழை வழியே தோலின் கீழ்ச் செலுத்திக் கொழுப்பை உருக்கும் கருவிக்கு 2006 ஆம் ஆண்டு அங்கு அனுமதி வழங்கப்பட்டது. கழியொலி அதிர்வாற் கொழுப்பைக் குழம்பாக்கும் முறை அதனினும் முந்தியது. இத்தாலியரான சோக்கி என்பார் அதனைப் பரப்பினார். ஆயின் அது கொழுப்பைத் தளர்த்துதற்கே சிறப்பாகப் பயன்பட்டது. கொழுப்பகற்றலையும் தோலிறுக்கத்தையும் ஒருங்கு செய்வதற்கு எனத் தோன்றிய கருவிகளுள் ஒன்றில் இரு மின்வாய்கள் உள. ஒன்று குழலூசி போல உள்ளே செல்ல, மற்றது அதற்கு நேர்மேலே தோலின் மீது ஊர்ந்து வரும். இரண்டுக்குமிடையே மின்னோட்டம் பாய்ந்து, உள்ளேயுள்ள கொழுப்பையும் நார்க்கயிறுகளையும் சூடாக்கும். நார்க்கயிறுகள் குறுகுதலாற் கூடாரத்தின் கயிறுகளைக் கட்டியிழுத்தாற் போலத் தோல் கீழ்நோக்கி இறுகும்.

அருமையும் அபாயமும் ஒருங்கே உள்ள இடம் இதுவேயாம். உள்ளே 60 பாகைக்கு மேல் வேண்டும். வெளியே தோல் 42 பாகையைத் தாண்டலாகாது. மொரிற்சு, என்றிக்குவே என்போர் 1947 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 44 பாகை வெப்பம் மேற்றோலை அழித்தற்கு ஆறு மணி நேரமளவு வேண்டும் எனவும், அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் அந்நேரம் ஏறக்குறையப் பாதியாகின்றது எனவும் கண்டனர். 60 பாகையிற் சில விநாடிகளே போதும். பயன் தரும் வெப்பத்துக்கும் தோலைக் கருக்கும் வெப்பத்துக்குமிடையே காவலாக நிற்பது சில மில்லிமீற்றர் தடிப்புள்ள இழையமே. அதனாற் கருவிகளில் வெப்பமானிகள் பொருத்தப்பட்டு, எல்லை கடந்தவுடன் மின்னோட்டம் தானே நிற்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. ஆயினும் குழலூசியை ஓரிடத்தே தங்கவிடாது ஓயாது அசைத்துக்கொண்டிருக்கும் கை வைத்தியருடையதே. ஈலியம் வாயுவை மின்னாற் கனன்றெழச் செய்து தோலின் கீழ்ப் பாய்ச்சும் மற்றொரு கருவி, உரிய அனுமதி பெறுமுன்னரே தோலிறுக்கத்துக்குப் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. தீக்காயம் முதலிய தீங்குகள் பற்றிய முறைப்பாடுகள் வந்ததை அடுத்து, அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2022 மார்ச்சு மாதத்தில் அதனை அவ்வாறு பயன்படுத்தலாகாதென எச்சரித்தது. பின்னர்ச் சில குறித்த பயன்களுக்குத் தனித்தனியே அனுமதி வழங்கியது. கருவி முந்திச் செல்ல, ஆராய்ச்சி பின்தொடர்ந்து வருதல் இத்துறையிற் புதிதன்று.

உள்ளதைத் திருத்தும் இம்முறை பருமனுக்கு மருந்தாகுமோ என்பது பொதுமக்கள் பெரிதும் வினவும் வினா. இதற்குத் தெளிவான விடை 2004 ஆம் ஆண்டு கிடைத்தது. அமெரிக்காவிலே சென் உலூயி நகரத்தில் சாமுவேல் கிளைன் என்பாரும் அவர் குழுவினரும் பருமனுடைய 15 பெண்களை ஆராய்ந்தனர். இவர் கரைசலை வகுத்த கிளைன் அல்லர், பெயரொற்றுமையே உள்ளது. அப்பெண்களின் வயிற்றுத் தோலின் கீழிருந்து ஏறக்குறையப் பத்துக் கிலோகிராம் கொழுப்பு அகற்றப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வாரங்களின் பின்னர்ச் சோதித்தபோது குருதியமுக்கம், குருதியிற் சீனி, கொழுப்புச் சத்துக்கள், இன்சுலினின் செயல் ஆகிய எதுவும் திருந்தவில்லை. அதே அளவு கொழுப்பை உணவைக் குறைத்தும் உடலை உழைப்பித்தும் இழந்திருப்பின் இவை யாவும் திருந்தியிருக்கும். முன்னர்க் கூறிய உட்கொழுப்பை ஈண்டு நினைத்தல் தகும். உணவு குறையும்போது உடல் தன் உட்கொழுப்பையும், ஈரலிலும் தசையிலும் படிந்த கொழுப்பையும் செலவிடுகின்றது. எஞ்சிய கலங்களும் சிறுக்கின்றன. குழலூசியோ வெளிப்பண்டகசாலையின் ஒரு பகுதியை இடித்தகற்றுகின்றது. உள்ளிருப்பை அது தொடுவதில்லை.

அகற்றிய கொழுப்பு மீளுமா என்பதும் ஆராயப்பட்டது. அமெரிக்காவிற் கொலராடோப் பல்கலைக்கழகத்தார் பருமனில்லாத பெண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவினருக்குத் தொடையிலும் அடிவயிற்றிலும் கொழுப்பகற்றிப் பார்த்தனர். ஓராண்டில் அவர்தம் உடலின் மொத்தக் கொழுப்பு மற்றைக் குழுவினரின் அளவுக்கு மீண்டுவிட்டதென 2011 ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்டனர். விந்தை யாதெனில், அது தொடைக்கு மீளாது வயிற்றையே பெரிதும் நாடியது. வளர்ந்தோரிடத்துக் கொழுப்புக் கலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மாறாதிருக்கும் என்பதை 2008 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர் அறிவித்திருந்தனர். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியிற் செய்த அணுக்குண்டுச் சோதனைகளால் வளியிற் பரவிய காபன் 14 மனிதரின் கலங்களிலும் புகுந்திருந்தது. அதன் அளவைக் கொண்டு கலங்களின் வயதைக் கணித்தே அவர்கள் இம்முடிவுக்கு வந்தனர். ஆண்டுதோறும் பத்திலொரு பங்கு கலங்கள் இறக்க, அத்துணைக் கலங்கள் புதிதாகத் தோன்றுகின்றன. உடல் தன் கொழுப்பிருப்பை எண்ணிக் காக்கும் பண்டசாலைக் கணக்கர் போன்றது என்றால் மிகையாகாது.

இவ்வளவும் கூறியதனால் இம்முறை பயனற்றது என்பது பொருளன்று. உணவுக்கும் உழைப்புக்கும் அசையாது ஓரிடத்தே தங்கிய கொழுப்பைத் திருத்தி உருவமைத்தற்கு இது தக்க கருவியே. மேலும், அழகு கருதி வளர்ந்த இக்கலை நோய் நீக்கத்துக்கும் மீண்டு வந்துள்ளது. மார்புப் புற்றுநோய்க்காகக் கக்கத்து நிணநீர்க் கணுக்களை அகற்றிய பெண்கள் சிலருக்குக் கை வீங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல யானைத் துதிக்கை போலாகும். தொடக்கத்தில் அவ்வீக்கம் நீராலானது. நாட்பட அங்கே கொழுப்பு வளர்ந்துவிடுகின்றது. பிசைதலாலும் கட்டுதலாலும் நீரை வெளியேற்றலாம். கொழுப்பை வெளியேற்றல் இயலாது. சுவீடனில் மால்மோ நகரத்துச் சத்திரவைத்தியராகிய புரோர்சன் என்பார், அக்கொழுப்பைச் சிறு துளைகள் வழியே உறிஞ்சியெடுத்து, வீங்கிய கையை மற்றைக் கையின் அளவுக்குக் கொண்டுவரும் முறையை நிலைநிறுத்தினார். அவ்வாறு சிகிச்சை பெற்றோர் பல்லாண்டு கழிந்தும் கை வீங்காதிருத்தல் அவருடைய பதிவுகளிற் காணப்படுகின்றது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சிகிச்சை முடிந்த அன்றே அணிவிக்கப்படும் இறுக்கவுறையை அப்பெண் இரவும் பகலும், வாழ்நாள் முழுவதும் அணிந்திருத்தல் வேண்டும். கை மாறமாற உறைக்கும் புதிதாக அளவெடுத்தல் வேண்டும்.